இரண்டு ரிங்

நான் போன் செய்தால் என் மனைவி எடுக்க மாட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், அதைப் போட்டவன் நான்.

செல்போன் எங்கள் கைக்கு வந்த புதிதில் பேசினால் காசு போகும். பனவடலிசத்திரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு வாத்தியார். வீடு சங்கரன்கோவிலில். சாயங்காலம் பஸ் ஏறியதும் ஒரு ரிங் விட்டுக் கட் செய்வேன். கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். பஸ் ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு ரிங். தோசைக்கல்லை அடுப்பில் போடு என்று அர்த்தம். நான் செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவி உட்காரும்போது முதல் தோசை தட்டில் விழும். ஆசிரியர் அறையில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மற்ற வாத்தியார்கள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க வீட்டாரோடு போனில் வழக்காடிக்கொண்டிருப்பார்கள். "எங்க வீட்ல ரெண்டு ரிங்குதான் சார், வேலை முடிஞ்சுது" என்பேன்.

ஆரம்பத்தில் ஒரு நாள் அவள் சட்டத்தை மீறினாள். பஸ்ஸிலிருந்து அடித்த முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுங்க" என்றாள். குரலில் அப்படி ஒரு ஆசை இருந்தது. "ஏன் எடுத்த? வை" என்றேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

"எடுக்காதன்னு எத்தன தடவ சொல்லுதது? காசு என்ன மரத்துலயா காய்க்கி?"

"கை தன்னால போயிட்டு. தெரியாம எடுத்துட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு எடுத்ததில்லை.

அவள் பக்கத்திலிருந்து எனக்கும் ஒரு ரிங் உண்டு. பாலுக்கு உறை ஊற்ற மறந்துபோகிற பழக்கம் அவளுக்கு. மறந்த நாளில் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் தயிர் பாக்கெட் வாங்கிக்கொண்டு போவேன். அவளிடமிருந்து போன் வந்தால் தயிர். வேறு அர்த்தம் அதற்கு நாங்கள் வைக்கவில்லை.

காலம் மாறிப் பேச்சு இலவசமானது. மாதம் ஒரு தடவை ரீசார்ஜ் செய்தால் நாள் முழுக்கப் பேசலாம் என்றாகிவிட்டது. நாங்கள் மட்டும் பழைய சட்டத்திலேயே இருந்தோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாக இருந்தது. வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு வருகிறவனுக்கு வீட்டிலும் போனிலும் பேச என்ன இருக்கிறது என்பது என் கட்சி. அவளுக்குப் பேச ஏதாவது இருந்ததா என்று கேட்டுப் பார்த்ததில்லை.

அன்றைக்கு மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து யாருடைய பதவி உயர்வையோ பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மேஜைமேல் என் போன் அடித்தது. அவள்தான். ஒரு ரிங்கில் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருந்தது. பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கவே, கட் செய்தேன்.

"யாரு சார்?"

"வீட்ல. தயிர் வாங்கணும். ஒரு ரிங்ல போன வைக்கதுக்கு மறந்துட்டா போல."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் பெரிய சிரிப்பு என்னுடையது.

சாயங்காலம் வழக்கம்போல ஒரு ரிங், ஊருக்குள் வந்ததும் இரண்டு ரிங். தயிர் பாக்கெட்டோடு வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தோசை வாசம் வரவில்லை. அடுப்பில் கல் இல்லை. "ஏட்டி, போன் அடிச்சது கேக்கலயா?" என்று முன்னறையிலிருந்தே சத்தம் போட்டேன். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் கிரைண்டர் பக்கத்தில் அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன். மூச்சு இருந்தது. போன் அவள் கைக்கடியில் கிடந்தது. முதலில் அடுப்பைப் பார்த்தேன், பிறகுதான் அவளைப் பார்த்தேன். இந்த வரிசையை மாற்றி எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனாலும் கை வரவில்லை.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையின் முன்பக்கத்தில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. உயிருக்குப் பயமில்லை என்று சொன்ன அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. சில நாளில் கண்ணைத் திறந்தாள். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஓடிவந்து கட்டிலருகில் நின்று, "அம்மா" என்றாள். மனைவி அவளைப் பார்த்தாள். மகள் இந்தப் பக்கம் நகர்ந்தால் கண்ணும் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. கையை நீட்டவில்லை. காலை மடக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான், அடுத்த வாரமும் அப்படித்தான்.

பக்கவாதமா என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்றார். சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி.

"கைகால்ல பலம் இருக்கு சார். நாக்குலயும் தொண்டையிலயும் குறை இல்ல. நினைவும் இருக்கு. ஆனா ஒரு வேலையைத் தொடங்கணும்னா உள்ளேர்ந்து ஒரு உந்துதல் வரணும் இல்லையா, அது வர்ற இடத்துல அடிபட்டிருக்கு. பேச முடியாதுன்னு இல்ல. பேசத் தொடங்கறதுதான் நடக்க மாட்டேங்குது."

அகைனெட்டிக் மியூட்டிசம் என்று அதற்குப் பெயர் சொன்னார். அசைவில்லாமல் பேச்சில்லாமல் இருக்கும் நிலை. எவ்வளவு நாளில் சரியாகும் என்றதற்குச் சிலருக்குச் சரியாகும் என்றார். நான் கேட்க நினைத்தது வேறு. "கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா டாக்டர்?" என்றேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இல்லை, அப்போதும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து, ஒரு மார்க்குக்காக வாத்தியாரைச் சுற்றிவரும் பையனைப்போல அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் கடைசிவரை இல்லை என்று சொல்லவில்லை.

"அம்மா எனக்காவது ஒரு கால் பண்ணியிருக்கலாம்பா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் அழுதாள். "தலை வலிக்க ஆரம்பிச்சதுமே யாருக்காவது சொல்லியிருக்கலாம். எதையுமே வாயத் திறந்து சொல்ல மாட்டா."

"பட்டுனு மயக்கம் போட்டிருக்கும், மக்கா" என்றேன். இப்படியாக அந்தப் பழியும் வாய் பேசாதவள் தலையிலேயே போய் உட்கார்ந்தது, நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என் கொழுந்தியா, அதாவது மனைவியின் தங்கை, கூடவே வந்து தங்கிவிட்டாள். அவள் இல்லாவிட்டால் நான் தலைகீழாக நின்றிருப்பேன். கரண்டியை உதட்டில் தொட்டால் மனைவி வாய் திறப்பாள், விழுங்குவாள். தொடாவிட்டால் முன்னால் வைத்த சோறு அப்படியே காயும். பசிக்காமல் இல்லை. எடுக்க வேண்டும் என்பது தோன்றாது. கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து கொழுந்தியா நெற்றியில் பூசினாள். வரலாறு வாத்தியார் நான், இதையெல்லாம் கிண்டல் செய்கிறவன். மூன்றாம் வாரம் நானே போய் வரிசையில் நின்று வாங்கிவந்தேன்.

பார்க்க வந்த தெருக்காரர்களுக்கு நோயின் பெயர் பிடிபடவில்லை. எங்கள் பக்கம் ஒரு பொம்பளை பேசாமல் இருந்தால் அதற்கு இருக்கிற ஒரே காரணம் வீம்பு. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் புருஷனிடம் பேசாமல், சொல்ல வேண்டியதைப் பிள்ளை வழியாகவோ சுவரைப் பார்த்தோ சொல்கிற பொம்பளைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. அதனால் வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா நேராகவே கேட்டாள்.

"இவளுக்கு என்ன கோவம் வே? நீரு என்ன சொன்னீரு?"

"கோவம் இல்லக்கா, மூளையில நோவு" என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. நோயைப் பற்றி அவள் நினைத்தது தப்பு. என்னைப் பற்றி நினைத்தது அவ்வளவு தப்பில்லை என்று தோன்றியதால் மேற்கொண்டு வாதாடவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், பகல் நேரம். ரயிலில் இடம் கிடைக்காமல் ஊருக்கு வர முடியாத மகள், சித்திக்குப் போன் செய்தாள். வெளியே ஒலிபெருக்கிச் சத்தம். கொழுந்தியாவுக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "இரு, ஒங்கம்மா காதுல வைக்கேன், நீ பாட்டுக்குப் பேசிட்டு இரு" என்று அக்காவின் காதில் போனை வைத்துவிட்டுக் குழம்பை இறக்கத் திரும்பினாள்.

"சாப்ட்டியா மக்கா?"

நான் முன்னறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கே கேட்டது. அதே குரல், கொஞ்சம் கரகரப்பு. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் போனைக் காதோடு தானே பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மகள் பதில் சொல்ல முடியாமல் அழுதாள். "நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள் இவள். போனைக் கையிலிருந்து வாங்கியதும் கை மடியில் விழுந்தது. "அக்கா, என்னப் பாரு, ஒரு வார்த்த சொல்லுக்கா" என்று கொழுந்தியா எதிரில் உட்கார்ந்து கெஞ்சினாள். பார்வை மட்டும் வந்தது.

டாக்டருக்கு இது புதிதில்லை. "எதிர்ல நின்னு கேட்டா வராத பதில், சிலருக்குப் போன்ல வரும் சார். மணி அடிச்சா எடுக்கறது, காதுல வெச்சா பேசறது, இதெல்லாம் யோசிக்காமலே செஞ்சு பழகின விஷயம். அந்தப் பழக்கம் அவங்களைக் கொஞ்சம் இழுத்துட்டுப் போகுது. விடாதீங்க. எல்லாரும் போன்லயே பேசுங்க. முக்கியமா நீங்க பேசுங்க. வீட்டுக்காரர் குரலைவிடப் பழகின குரல் எது?"

நான் தலையாட்டினேன். என் குரலைப் போனில் அவள் கேட்டது ஒரே ஒரு தடவை. அதிலும் நான் சொன்னது, ஏன் எடுத்த, வை என்பதுதான்.

மறுநாளே ஏற்பாடு செய்தோம். அவளுடைய போனுக்குச் சார்ஜ் ஏற்றி மடியில் வைத்தோம். மகள் கூப்பிட்டாள். மணி அடித்தது, கட்டைவிரல் மெல்ல நகர்ந்து பச்சையைத் தள்ளியது. "சொல்லு" என்றாள். கொழுந்தியா சந்தோஷத்தில் என்னைப் பிடித்துத் தள்ளாத குறை. "அத்தான், இப்ப நீங்க பேசுங்க. முன்னறைக்குப் போய் அங்கன இருந்து அடிங்க."

முன்னறைக்குப் போனேன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அவ்வளவு நேரம் அடித்தாயே, என்ன சொல்ல அடித்தாய்? அதைக் கேட்டுவிட வேண்டும், பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டும். மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு அடித்தேன்.

உள்ளறையில் மணி கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"போனப் பாக்கா அத்தான்" என்று கொழுந்தியா அங்கிருந்து சொன்னாள். "எடுக்கல. பாத்துக்கிட்டே இருக்கா." கொஞ்சம் கழித்து, "இப்ப போனப் பாக்கல. அடுப்பங்கரயப் பாக்கா" என்றாள்.

எழுந்து போனேன். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண் அடுப்பங்கரை வாசலில் இருந்தது. மடியிலிருந்த வலது கை, எதையோ எடுக்கப் போவதுபோல லேசாகத் திரும்பியிருந்தது. இரண்டு ரிங் வந்துவிட்டது. தோசைக்கல்லைப் போட வேண்டும். உடம்பு எழுந்திருக்க மறுக்கிறது, கண் மட்டும் முதலில் போய்விட்டது.

"மக போன எடுக்கா, ஒங்களுது மட்டும் ஏன் அத்தான் எடுக்க மாட்டேங்கா?" என்றாள் கொழுந்தியா.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒரு ரிங், இரண்டு ரிங், காசு, சட்டம். அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"எப்படி எடுப்பா? நீங்கதான எடுக்காதனு பழக்கி வச்சிருக்கீக." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "அக்கா ஒங்களுக்குப் போன் அடிச்சா என்ன அர்த்தம்?"

"தயிர்."

"அப்ப விழுந்த அன்னைக்கி?"

அவள் என்னையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. எழுந்துபோய்த் துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அதற்குப் பெயர் வீம்பு இல்லை, நியாயம். மூன்றாம் நாள் அவளே வந்து, "என் போன்ல இருந்து அடிச்சுப் பாருங்க அத்தான், எடுத்துருவா" என்றாள். வேண்டாம் என்றேன். தங்கச்சி கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவள் எடுத்துப் பேசுவாள், அது எனக்குக் கொடுத்த பேச்சு ஆகாது. என் நம்பரிலிருந்து வந்தால் எடுக்கலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதை நான்தான் பழக்க வேண்டும்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் பஸ் ஊருக்குள் வந்ததும் போன் அடிக்கிறேன், கட் செய்வதில்லை. மணி முழுக்க அடித்துத் தானாக ஓயும்வரை காதில் வைத்துக்கொண்டிருப்பேன். எடுக்கவில்லை என்று பெண் குரல் ஒன்று மூன்று மொழியில் சொல்லும். வீட்டுக்குப் போனதும் கொழுந்தியா அன்றைய நிலவரத்தைச் சொல்வாள். இன்றைக்குப் போனைத் தொட்டாள். இன்றைக்குத் தொடவில்லை. இன்றைக்கும் அடுப்பங்கரையைத்தான் பார்த்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் சின்னச் சின்ன முன்னேற்றம் இருந்தது. கரண்டி உதட்டில் படும் முன்னாலேயே வாய் திறக்க ஆரம்பித்தாள். மகளிடம் போனில் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினாள். என் மணிக்கு மட்டும் அதே கதைதான். ஆசிரியர் அறையில் இப்போது போன் அடித்தால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். அது என் போனாக இல்லாவிட்டாலும் சரி.

போன வாரம் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தயிர்க் கடைக்குப் பக்கத்தில் நின்று அடித்தேன். ஐந்தாறு ரிங் போயிருக்கும். சட்டென்று மணி நின்றது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்துப் பார்த்தால் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் எடுத்திருக்கிறாள். மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறியின் சத்தம் கேட்டது.

நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிப் பிழைக்கிறவன் நான். ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி, மன்னிப்பு, ஒன்றும் வரவில்லை. "நாந்தான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் பயந்த குரலில் சொன்னாள்.

"தெரியாம எடுத்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "வச்சிருதேன்."

போன் கட்டானது.

நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்முன் கொழுந்தியா வாசலுக்கே வந்துவிட்டாள். "அவளேதான் அத்தான் விரலால கட் பண்ணுனா. நான் தொடக்கூட இல்ல. யாரும் சொல்லாம அவளா ஒரு வேல செஞ்சிட்டா." டாக்டரிடம் போனில் சொன்னதற்கு அவரும் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "எடுத்தது பழக்கம் சார். கட் பண்ணினது அவங்களா எடுத்த முடிவு. இது பெரிய விஷயம்" என்றார். இத்தனை மாதத்தில் அவள் தானாக முடிவெடுத்துச் செய்த முதல் காரியம், என் காசு வீணாகாமல் பார்த்துக்கொண்டது. டாக்டருக்கு நன்றி சொல்லி வைத்தேன்.

மகளிடம் இன்னும் அன்றைக்கு நான் கட் செய்த போனைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். மனைவிக்குத் தினமும் அடிக்கிறேன், அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அன்றைக்கு ஏன் அடித்தாய் என்று கேட்கப் போவதில்லை. அவள் வைப்பதற்குள் ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும், நீ எடுக்கலாம் என்று.